ஏழாவது தீற்றல்

என் மனைவி இறந்து பதினோரு மாதம் கழிந்திருந்தபோது, நானும் என் மகளும் அவளுடைய நிறத்தைத் தேடிக்கொண்டு ஒரு கடற்கரைக் குப்பத்துக்குப் போனோம். இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய காரியம் போலத் தெரிகிறது. உண்மையில் திண்டிவனத்தில் ஒரு பஸ் ஏறி, மரக்காணத்தில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துத் தெற்கே போனோம். முதல் பஸ் எட்டு நிமிடம் லேட்.

நிமிடக் கணக்கு எனக்குத் தொழில். திண்டிவனம் பஸ் நிலையத்தில் நான் டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் எழுதுவேன். லேட்டாக வருகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. டிரைவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் என்ன என்பதும் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

என் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை காலை மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள் என்றார்கள். நான் டூட்டியிலிருந்து ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்றெல்லாம் இல்லை, வரவில்லை. பந்தல்காரருக்கு அளவு சொன்னேன். வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னேன். யார் யார் எந்த பஸ்ஸில் வந்தால் எடுப்பதற்கு முன் வந்து சேரலாம் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதிர்ச்சில இருக்கான், பதினாறாம் நாளுக்குள்ள வந்துடும்" என்றார் என் பெரியப்பா மகன். பதினாறாம் நாள் வந்தது. அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சோறு சோறாகவே இருந்தது, தூக்கமும் வந்தது. யாராவது அவளைப் பற்றிப் பேசினால், பக்கத்து வீட்டில் நடந்ததைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடக்கம் முடிந்த மறுநாளே விளக்கேற்றி வைக்கப் படம் வேண்டும் என்றார்கள். அவளுக்கு நல்ல படம் என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் படம் எடுக்கிறவளே அவள்தான். மகளின் போனை வாங்கி எங்களை நிற்க வைத்து எடுப்பாள், பாதிப் படத்தில் அவள் விரல் விழுந்திருக்கும். அவளை யாராவது எடுத்த ஓரிரண்டு படத்திலும் அந்தப் போன் தன் இஷ்டத்துக்கு எல்லோர் முகத்துக்கும் மாவு பூசி வைத்திருந்தது. கடைசியில் விக்கிரவாண்டியில் ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம் அகப்பட்டது. வீடியோ விளக்கு நேராக அடித்ததில் அதிலும் முகம் வெளிறித்தான் இருந்தது. இருப்பதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

அதே ஸ்டுடியோவுக்கு முந்தைய வாரம்தான் போயிருந்தேன். மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம், அதற்குப் படம் எடுக்க. அன்றைக்கு, மகள் சேலை மடிப்பைச் சரிசெய்ய உள்ளே போயிருந்த நேரத்தில், ஸ்டுடியோக்காரரிடம் குரலைத் தாழ்த்தி "கொஞ்சம் கலரா வெய்ங்க" என்று சொல்லியிருந்தேன். எங்கள் பக்கம் கலர் என்றால் சிவந்த நிறம். கருப்பைக் கலரில் சேர்ப்பதில்லை. பெண்ணைப் பெற்ற எல்லோரும் அந்த ஸ்டுடியோவில் சொல்லும் வாக்கியம்தான் அது. மறுவாரம் மனைவியின் படத்தோடு போய் நின்றபோது, "எப்படி சார் வேணும்?" என்று கேட்டார். என் வாய் அதே வாக்கியத்தைச் சொன்னது. பஸ் நிலையத்தில் மைக்கைத் திறந்தால் தன்னால் ஊர்ப் பெயர் வருவது போல.

அவர் குறை வைக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிவிட்டார், கழுத்தில் ஆரம் போட்டுவிட்டார், முகத்தை எலுமிச்சம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்தார். வந்தவர்கள் எல்லோரும் "மகாலட்சுமியாட்டம் இருக்குது" என்றார்கள். மாலை போட்டு, சின்ன சிவப்பு பல்பு மாட்டி, கூடத்துச் சுவரில் வைத்தோம். போகப் போக நடந்தது என்னவென்றால், கண்ணை மூடி அவளை நினைத்தால் அந்தப் படத்து அம்மாள்தான் வந்தாள். கொல்லையிலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறவள் வரவேயில்லை. இருபத்தேழு வருடம் கூட இருந்தவளின் முகம் பத்து மாதத்தில் என்னை விட்டுப் போய்விட்டது.

மகள் அந்தப் படத்தை முதல் நாளிலிருந்தே கும்பிடவில்லை. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். வருஷத் திதி நெருங்கியபோதுதான் சொன்னாள்.

"இந்தப் படத்துக்கு நான் படையல் போட மாட்டேம்பா. யாரோ ஒரு பொம்பளைக்கு நான் எதுக்கு வடை சுட்டு வெக்கணும்?"

"சொந்தக்காரங்க வருவாங்கம்மா."

"வரட்டும். அவங்க கும்புட்டுக்கட்டும். எங்கம்மா கருப்பு. அந்த ஸ்டுடியோக்காரன் எங்கம்மாவத் தொடச்சி எடுத்துட்டான்."

 மறுநாள் அவள் ஸ்டுடியோவுக்கே போய்ச் சண்டை போட்டாள். நானும் கூடப் போனேன், வாசற்படியோடு நின்றுகொண்டேன். ஸ்டுடியோக்காரர் அவள் திட்டுவதை எல்லாம் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு தடவை அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எதிரே பிளக்ஸ் போர்டில் யாருக்கோ காதுகுத்து என்று எழுதியிருந்ததை முழுவதுமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரிஜினல்லியே லைட் அடிச்சி வெளுத்துப் போயிருக்குதும்மா. அம்மாவ நான் நேர்ல பாத்ததில்ல. இன்னா கலருன்னு நீங்க சொல்லுங்க, கொண்டாரேன்" என்றார் அவர். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரில் கருப்பை ஏற்றினார். முகம் சாம்பல் நிறத்துக்குப் போனது. இன்னும் ஏற்றினார். அடுப்பிலிருந்து எடுத்த கரி மாதிரி ஆனது. "இன்னாம்மா பேஜாராக்கீது, மாநிறம், கருப்புன்னு சொன்னா எத்தினி கருப்பு இருக்குது? கலரக் கையில கொண்டாந்து காட்டுங்க. அப்பிடியே வெச்சித் தர்றேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மகள் குயிலாப்பாளையத்தில் ஒரு மண்பாண்டக் கூடத்தில் கணக்கு எழுதுகிறாள். அங்கே பானைக்குப் பூசும் வண்ணத்தை அட்டையில் தீற்றி வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அங்கே வந்துபோகும் ஓர் ஓவியக்கார அம்மாள் எந்த நிறத்தைக் கேட்டாலும் குழைத்துக் காட்டுவார் என்று சொன்னாள். அவர் இருப்பது கோட்டக்குப்பத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில். ஓவியம் வரைகிறவர்கள் தேடி வருகிற ஊர் அது. சென்னைக் காலேஜ் பிள்ளைகள் வருவார்கள், வெள்ளைக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். அந்த ஊர் வெளிச்சம் விசேஷம் என்று பேர்.

திதிக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் லீவு போட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி இரண்டே முக்கால். ரோட்டிலிருந்து கடல்வரைக்கும் ஒரே தெரு, இரண்டு பக்கமும் ரோஸும் பச்சையுமாக அடித்த காலனி வீடுகள். நடுவில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பேர் பெற்ற வெளிச்சத்தைப் பார்த்தேன். வெயிலாகத்தான் இருந்தது. எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. மண்டை காய்ந்தது, அவ்வளவுதான்.

டீக்கடை அக்கா எங்களைப் பார்த்ததுமே, "வெளிச்சம் பாக்க வந்தீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்வதா இல்லை என்று சொல்வதா என்று தெரியாமல் தலையாட்டினேன்.

"இப்ப எவனும் வெளிய வர மாட்டான் சார். காலைல ஆறுலேந்து ஏழரை. அத்த உட்டா சாய்ந்தரம் நாலு மணிக்கு மேல ஒரு முக்கா மணி நேரம். அப்ப பாருங்க, ஆளுக்கு ஒரு ஸ்டூலத் தூக்கிக்கினு வந்துடுவாங்க." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "மீனு கொறஞ்சிபோச்சி. வெளிச்சந்தான் இருக்குது. வரைஞ்சி எடுத்துக்கினு போவட்டும், நமக்கு இன்னா, தீந்தா போவுது?"

டைம் வைத்து நடக்கும் ஊர் என்பது எனக்குக் கொஞ்சம் பிடித்தது. பெஞ்சில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் மணலில் கிடந்த நீலப் படகு ஒன்றைக் கையால் காட்டினார். பெயிண்ட் உரிந்து, ஒரு பக்கம் பலகை விட்டுப்போயிருந்தது. "அது எங்க அண்ணன் படகு சார். ஒடைக்கலாம்னா வரையறவங்க உட மாட்டன்றாங்க. பத்து வருஷமா படத்துலதான் கடலுக்குப் போவுது" என்றார். மகள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். நானும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. டீயைக் குடித்தேன்.

ஓவியக்கார அம்மாள் வீடு தெருவின் கடைசி. அறுபது வயது இருக்கும். பேச்சில் வேறு ஊர் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்த கீற்றுக் கொட்டகையில்தான் அவருக்கு வேலை. நாங்கள் வந்த விஷயத்தை மகள் போனிலேயே சொல்லியிருந்தாள். ஆனாலும் அவர் முகத்தில் பெரிய சந்தோஷம் இல்லை.

"நான் மனுஷங்களை வரையறதில்லை சார். சுவர், மணல், தண்ணி, இதுதான் என் வேலை. முகம் கேட்டீங்கன்னா இப்பவே சொல்லிடறேன், வராது."

"முகம் வேணாம் மேடம். கலர் மட்டும் போதும்" என்றாள் மகள்.

"சரி, நாலு மணி ஆகட்டும். இப்ப கலந்தா எல்லாம் பொய்யாத் தெரியும்."

நாலு மணிக்கு வெயில் ஊருக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குள் இறங்கியது. கொட்டகைக்குள் நேர் வெயில் இல்லை. கடலிலும் மணலிலும் பட்ட வெளிச்சம் மட்டும் திரும்பி வந்து எங்கள்மேல் விழுந்தது. பொருள்களுக்குப் பக்கத்தில் நிழலே இல்லை. மேஜைமேல் இருந்த சொம்பு சொம்பு நிறத்திலும், சுவர் சுவர் நிறத்திலும் இருந்தன. இதற்காகத்தான் இத்தனை பேர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதோடு சரி, அதற்குமேல் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அந்த அம்மாள் ஒரு தட்டில் காவி நிறமும், கருஞ்சிவப்பும், நீலமும் பிதுக்கினார். மகள் கேட்டாள், "கருப்பு போடலியா மேடம்?"

"கருப்பு டியூபே என்கிட்ட கிடையாது. தோலுக்குக் கருப்பைப் போட்டா சாம்பலாத்தான் போகும்."

ஸ்டுடியோவில் நடந்தது அதுதான் என்று மகள் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள். அந்த அம்மாள் கெட்டியான வெள்ளைக் காகிதத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு தீற்றல் தீற்றினார். "இல்ல" என்றாள் மகள். "இதுல இன்னும் கொஞ்சம் செவப்பு இருக்கணும்." அடுத்தது. "இது கையி. வெயில் பட்ட கையி. மூஞ்சி இப்பிடி இல்ல." மூன்றாவது, நான்காவது. அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் குழைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் அடிக்கடி கடலைப் பார்த்துக்கொண்டார்.

"சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"எனக்குத் தெரியலீங்க."

"எத்தனை வருஷம் கூட இருந்தீங்க?"

"இருபத்தேழு."

தெரியவில்லை என்று உண்மையைத்தான் சொன்னேன். விடிவதற்கு முன் முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவன் நான். திரும்பி வந்தால் விளக்கு வைக்கிற நேரம். நான் அவளைப் பார்த்ததெல்லாம் டியூப் லைட்டில். சோறு போடும் கை, தண்ணீர் கொண்டுவரும் கை. அவள் என்ன நிறம் என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. ஐந்தாவது தீற்றலும் ஆறாவதும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன.

"சீக்கிரம் சொல்லுங்க, வெளிச்சம் போகுது" என்றார் அந்த அம்மாள். ஆறாவதில் இருந்ததோடு கருஞ்சிவப்பு ஒரு துளியும் நீலம் ஒரு துளியும் சேர்த்தார். ஏழாவதைத் தீற்றினார்.

"அதான்" என்றேன்.

நான்தான் சொன்னேன். யோசிக்கவே இல்லை. அவர் தூரிகையை எடுப்பதற்குள் சொல்லிவிட்டேன். மகள் குனிந்து பார்த்தாள். "ஆமாம்பா, அம்மா!" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தெரியாது என்று சொன்னது பொய். எனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை துல்லியமாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஸ்டுடியோவில் போய் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன்.

"அந்தக் கபோதி கையில கொண்டுபோய்க் குடுக்கறேன் பாரு. எங்கம்மாவ வெளுத்தான்ல" என்றாள் மகள்.

"அவரு இல்லம்மா. நாந்தான் சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"கொஞ்சம் கலரா வெய்ங்கன்னு. நாந்தான் கேட்டேன். அவரு பாவம், சொன்னதச் செஞ்சாரு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியக்கார அம்மாள் தூரிகையைத் தண்ணீரில் அலசினார், ஏற்கெனவே சுத்தமாக இருந்ததையும் எடுத்து அலசினார். மகளுக்கு அடுத்தது தன்னால் புரிந்துவிட்டது. குரல் இறங்கிப்போய்க் கேட்டாள்.

"என் போட்டோவுக்கும் நீதான் சொன்னியா?"

"ஆமா."

"அந்த மாப்ள வீட்டுக்காரங்க நேர்ல வந்து பாத்துட்டு, போட்டோல வேற மாதிரி இருந்தீங்களேன்னு கேட்டாங்களே. அப்பகூட நீ சொல்லல."

சொல்லவில்லைதான். அன்றைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்ப, யாராச்சும் உனக்கு வெளுத்த போட்டோ காட்னாங்களா?"

"போட்டோ ஏதும்மா அப்ப. நேர்லதான் பாத்தேன்."

"புடிச்சிருந்துச்சா?"

"புடிச்சிருந்துச்சி."

"அப்ப ஏம்பா?"

 ஊரே அப்படித்தான் என்று சொல்லலாம், அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். வெளியே மணலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் முடிந்திருந்தது. அந்த அம்மாள் ஏழாவது தீற்றலுக்குப் பக்கத்தில் அதைவிடச் சற்று அடர்த்தியாக இன்னொன்று போட்டார். "இது காஞ்சதும் ஒரு படி வெளுக்கும். காஞ்சப்புறம் பாருங்க, இதுதான் சரியா நிக்கும்" என்று மகளிடம் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் மகள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். காகிதத்தைச் சுருட்டாமல், காற்றில் பறக்காமல், இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டே வந்தாள். மரக்காணத்தில் இறங்கி மாறும்போது "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போனோம். இந்தத் தடவை நான் வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய், "தப்பு என்னுதுதான், பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். ஸ்டுடியோக்காரர் "அத்த உடுங்க சார்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். காகிதத்தைக் கம்ப்யூட்டர் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். முதலில் பட்டுப்புடவையை எடுத்தார். அடியிலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு அவள் கட்டிக்கொண்டு போன பச்சைச் சேலை வந்தது. பிறகு ஆரத்தை எடுத்தார், வெறும் தாலிக் கயிறு வந்தது. பிறகு காகிதத்தையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நெற்றியில் ஆரம்பித்து மெதுவாக நிறத்தை இறக்கிக்கொண்டே வந்தார். மூக்கின் ஓரம் வந்தது. கன்னம் வந்தது. மேலுதட்டுக்கு மேலே இருந்த சின்னத் தழும்பு வந்தது. அது அவளுக்கு இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

"சரியா இருக்குது. லைட்டா பிரைட்னஸ் மட்டும் ஏத்தி உடட்டுமா சார்?" என்று கேட்டார். பழக்க தோஷம், வேறு எண்ணமில்லை. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வேணாம். கை வெக்காதீங்க" என்றேன்.

திரையில் என் மனைவி இருந்தாள். யாரோ படம் எடுக்கிறார்கள் என்ற கூச்சத்தோடு, எப்போது முடியும் என்கிற முகத்தோடு, கருப்பாக, அவளாக இருந்தாள். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டுக்குப் போனால் இவள் இருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு மாதமாக என் வீட்டில் செத்துப்போயிருந்தது அந்தச் சிவந்த அம்மாள். என் மனைவி அன்றைக்குக் காலையில், பதினொன்று பத்துக்கு, நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது செத்துப்போனாள். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய்விட்டு அழுதேன்.